மஞ்சளுக்கு மேல் நீலம்

மெல்போர்னிலிருந்து வெகுதூரத்தில், ஆடு வளர்க்கும் ஊரான டாரங்கிலில் மார்ச் மாதம் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. மழை உண்டா, கிடா இறங்கியாச்சா என்று இரண்டே கேள்விதான். அந்த வருஷம் மழை இல்லை. வடக்கிலிருந்து வீசிய காற்றில் வேலிக்கம்பிகள் நாள் முழுக்க முனகின. கெல்வின் பாஸ்கோவின் புதுக் கிடா மட்டும் மாதம் பிறந்த அன்றே தொண்ணூற்றிரண்டு பெட்டைகளுக்கு நடுவே இறங்கிவிட்டது.

நீண்ட வளைந்த மூக்கும் நிமிர்ந்த காதுமாக அது நடந்துவருகிற தோரணையைப் பார்த்து ஊர் அதற்கு பிஷப் என்று பெயர் வைத்திருந்தது. டிராக்டரை விற்று வாங்கிய கிடா. பாஸ்கோ வீட்டு மந்தை சுத்தமான பார்டர் லெஸ்டர் இனம். கெல்வினின் மனைவி ரோஸ்லின் கல்யாணமாகி வந்தபோது அவளுடைய அப்பா லாரியில் ஏற்றி அனுப்பிய நாற்பது பெட்டைகளின் வம்சம். அந்த மந்தையில் பிறக்கும் கிடாக்குட்டிகளைப் பொலிக்கு வாங்கிப் போக வடக்கே மூன்று நாள் பயணத் தூரத்திலிருந்தும் ஆள் வரும்.

பொலி விடும்போது கிடாவின் மார்பில் தோல்வார் கட்டி, சோப்புக்கட்டி அளவில் ஒரு சாயக்கட்டியைப் பொருத்துவார்கள். கிடா ஏறி இறங்கினால் பெட்டையின் பின்புறத்தில் நிறம் ஒட்டும். சினை நிற்காத பெட்டை பதினேழு நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வரும். அதனால் பதினேழாம் நாள் கட்டியை மாற்றி வேறு நிறம் வைப்பார்கள். புது நிறம் சில ஆடுகளில் மட்டும் விழுந்தால் நிம்மதி.

கெல்வின் எப்போதும் முதலில் சிவப்பும் பிறகு கறுப்பும் வைக்கிறவன். சிவப்புக் கறை கம்பளியைவிட்டுப் போவதில்லை என்று போன வருஷம் அதை வாங்கினவர்கள் முகம் சுளித்ததால், இந்த முறை மஞ்சள் வைத்தான். பதினெட்டாம் தேதி மஞ்சளை எடுத்துவிட்டு நீலம் வைத்தான். அடுத்த வாரம் சனிக்கிழமை மந்தையைப் பட்டியில் அடைத்துப் பார்த்தபோது, பின்புறங்களில் நீலத்தைக் காணவில்லை. நாலைந்து ஆட்டில் மட்டும் இருந்தது. மஞ்சளாக இருந்தவற்றில் பாதிக்கு மேல் பச்சையாக இருந்தன.

பச்சைக் கட்டி வைக்கிறவர் அந்தச் சாலையில் ஒருவர்தான், பக்கத்து நிலத்து மெர்வ் ஹிக்கி. அவருடைய கிடா டிங்கர் கருமூஞ்சி இனம். வேலி தாண்டுவதில் பேர்பெற்றது. கெல்வின் பட்டிக்கதவைக்கூடச் சாத்தாமல் நேராக வேலிக்குப் போனான்.

"மெர்வ்! உன் கருமூஞ்சிப் பய எங்க?"

"புல்லு தின்னுட்டிருக்கான். ஏன், பேட்டி எடுக்கப் போறியா?"

"என் ஆட்டுல அறுபது பச்சையா நிக்குதுய்யா."

"மழை இல்லாத வருஷத்துல எதாவது பச்சையா இருந்தா சந்தோஷப்படு."

"சிரிக்காத. போன வருஷமும் இவன்தான் தாண்டுனான்."

"போன வருஷம் தாண்டுனான், ஒத்துக்கிட்டேன். மூணு ஆடு. வேலியும் நான்தான் கட்டுனேன். இந்த வருஷம் ரெண்டு கம்பி சேத்து இழுத்திருக்கேன், வந்து பாரு." மெர்வ் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். "அது கெடக்கட்டும். மஞ்சள் வாங்குன பெட்டை சினை நின்னிருந்தா, எவன் கிடாவுக்கு மறுபடி நிக்கும்? அத யோசிச்சியா?"

"உன் கிடா முரடன். நிக்கலன்னாலும் ஏறுவான்."

"முரடன்தான். ஆனா அறுபது ஆட்ட ஒரு வாரத்துல ஏறிட்டு வீட்டுக்கு வந்து ஒண்ணுமே தெரியாத மாதிரி நிக்கிற அளவுக்கு அவனுக்கு நடிக்கத் தெரியாது. உன் பிஷப் நோன்பு கீன்பு இருக்கானான்னு பாரு மொதல்ல."

இந்தக் கடைசி வார்த்தைதான் கெல்வினைச் சுட்டது. வக்கீல், போலீஸ் என்று ஏதேதோ கத்திவிட்டு வந்தான். இரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஒருவர் வீட்டுக் கம்பளி கத்தரிப்புக்கு மற்றவர் போகாத வருஷம் இல்லை.

அன்று மதியச் சாப்பாட்டில் கெல்வின் முடிவைச் சொன்னான். ஆட்டுக்கறித் துண்டும் வேகவைத்த உருளைக்கிழங்கும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.

"பச்சை விழுந்த ஆடெல்லாம் சந்தைக்குப் போகுது. வெள்ளிக்கிழம லாரிக்குச் சொல்லிட்டேன்."

ரோஸ்லின் கத்தியைக் கீழே வைத்தாள். "எங்கப்பா ஆட்டையா?"

"எது யாரு குட்டின்னு எப்படிச் சொல்லுவ? வம்சப் புத்தகத்துல பொய்யா எழுதுவியா? ஒரு கருமூஞ்சிக் குட்டிய எவனாவது நம்ம நெலத்துல பார்த்துட்டா, நம்மகிட்ட இனி எவன் கிடா வாங்குவான்?"

"குட்டிய வித்துரலாம். தாய எதுக்கு விக்கணும்?"

"மேய்ச்சல் எங்க இருக்கு ரோஸ்? கருமூஞ்சிக்குச் சினையா நிக்கிற அறுபது ஆட்டுக்குக் குளிர்காலம் பூரா நான் தீனி வாங்கிப் போடணுமா? மெர்வ் வந்து போடுவானா?"

அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். மேசையின் மறுமுனையில் அவர்களுடைய மகள் பிரையனி உருளைக்கிழங்கை மசித்து அதில் தக்காளி ஊறுகாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது.

"சாப்பாட்ட வெச்சு விளையாடாத புள்ள" என்றான் கெல்வின்.

"விளையாடலப்பா. எத்தன கரண்டியில நிறம் மாறுதுன்னு பாக்குறேன்."

"அந்த டீச்சர் வந்ததுலருந்து இந்த வீட்டுல எதையும் நிம்மதியாத் திங்க முடியல."

அந்த டீச்சர் லாட்டிமர் மிஸ். டாரங்கில் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது பிள்ளைகள்; எல்லா வகுப்புக்கும் அவர் ஒருவரே. இருபத்தாறு வயது, மெல்போர்ன்காரர். பிப்ரவரியில் வந்த முதல் வாரமே ஒரு காரியம் செய்தார். பெற்றோர் சங்கம் வாங்கிக் கொடுத்திருந்த பன்னிரண்டு பெயிண்ட் புட்டிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கை மட்டும் வெளியே வைத்துவிட்டு மற்ற எட்டையும் அலமாரியில் பூட்டினார். சங்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பச்சைப் புட்டி சும்மா இருக்கும்போது பிள்ளை ஏன் புல்லுக்கு அரைமணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும் என்று ஒரு தாய் கேட்டாள்.

"புட்டியில இருக்கிற பச்சை ஒண்ணுதான்" என்றார் மிஸ். "வெளிய இருக்கிறது எத்தன பச்சைன்னு அவங்களே எண்ணிட்டு வரட்டும்."

அவர் ஓவியர் அல்ல. அவர் வரைந்த குதிரையைப் பார்த்து நாய் என்று நினைத்துப் பிள்ளைகள் பேர் வைத்தார்கள். ஆனால் அந்த வகுப்பின் ஒழுங்கு எந்தப் பட்டறையிலும் இல்லாதது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முட்டை அட்டை, ஒரு சொட்டுக்குழல், ஒரு நோட்டு. வெளிர்நிறம் முதலில் போக வேண்டும், அடர்நிறம் சொட்டுச் சொட்டாக. ஒவ்வொரு சொட்டுக்கும் நோட்டில் ஒரு வரி. ஐந்து மஞ்சள், ஒரு நீலம்: இளந்தளிர். ஐந்து மஞ்சள், மூன்று நீலம்: அணைக்கட்டுத் தண்ணீர். மூன்றையும் ஒன்றாகக் கொட்டிச் சேறாக்கிவிட்ட பிள்ளையை அவர் திட்டியதில்லை. "நல்ல சேறு. எப்படி வந்துச்சுன்னு எழுது" என்பார். அந்தச் சேற்றுத் தாளும் மற்றவற்றோடு சுவரில் ஏறும். மார்ச் நடுவில் அந்தச் சுவர் முழுக்கச் சதுரங்களாக நிறைந்திருந்தது. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. தபால் கொடுக்க வந்தவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். முணுமுணுத்த தாயும் ஒருநாள் வந்து, தன் மகன் செய்த ஊதாவைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

நிறத்தைக் கலக்குவது முதல் பாதி, பிரிப்பது அடுத்த பாதி என்பது மிஸ்ஸின் கணக்கு. திங்கட்கிழமை அவர் வீட்டுப்பாடம் கொடுத்தார். வீட்டிலிருந்து ஒரு நிறம் கொண்டு வர வேண்டும். இலை, துணி, ஓடு, எதுவானாலும் சரி. புதன்கிழமை வகுப்பில் அதே நிறத்தைச் சொட்டு எண்ணிச் செய்து காட்ட வேண்டும்.

பிரையனி பட்டிக்குப் போய் ஒரு பச்சை ஆட்டைப் பிடித்து, பின்புறத்திலிருந்து விரல் நீளத்துக்குக் கம்பளி கத்தரித்துத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை மெர்வின் பேத்தி லியானும் அதே மேசையில் உட்கார்ந்தாள். அவள் கொண்டு வந்திருந்தது தாத்தாவின் கொட்டகையில் கிடந்த பச்சைச் சாயக்கட்டியின் துண்டு.

"பாத்தியா, அதே பச்சை" என்றாள் பிரையனி. "உங்க டிங்கர் வேலதான்."

"எங்க தாத்தா இல்லன்னு சொல்லிட்டாரு."

"உங்க தாத்தா போன வருஷமும் மொதல்ல இல்லன்னுதான் சொன்னாரு."

"உங்கப்பா எங்க தாத்தாவக் கள்ளன்னு சொல்லிருக்காரு. எங்க பாட்டி உங்க ஜாம் புட்டியக் கோழிக்குக் கொட்டிட்டாங்க."

"பிளம் ஜாமையா?"

"ம். கோழிக்கு வயித்தாலப் போச்சு."

"சண்டை முடிஞ்சா சொட்டு எண்ணலாமா?" என்று மிஸ் வந்து நடுவில் குந்தினார். "ரெண்டும் ஒரே பச்சையான்னு மொதல்ல பாருங்க. கண்ணால பாத்தது போதாது. கலைச்சுப் பாருங்க."

லியான் கட்டியை நகத்தால் சுரண்டினாள். மேலும் பச்சை, உள்ளும் பச்சை. மிஸ் கொடுத்த வெள்ளைப் பஞ்சில் தேய்த்துப் பிரித்தாள். அங்கும் அடிவரை ஒரே பச்சை.

பிரையனி தன் கம்பளியைத் தாளில் வைத்து இழை இழையாகப் பிரித்தாள். ஆட்டின் எண்ணெய்ப்பசையில் விரல் வழுக்கியது. இழையின் நுனி நீலமாக இருந்தது. தோலோடு ஒட்டியிருந்த அடிப்பகுதி மஞ்சளாக இருந்தது. நடுவில் இரண்டும் சந்தித்த இடத்தில்தான் பச்சை.

அவள் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தாள். இன்னொரு கொத்தைப் பிரித்தாள். மூன்றாவதையும் பிரித்தாள்.

"எது மொதல்ல போனது?" என்று கேட்டார் மிஸ்.

"மஞ்சள். அது அடியில இருக்கு. ரொம்ப நாளு முன்னாடி."

"அப்பறம்?"

"மேல நீலம்."

"பச்சையே கிடையாதா?"

"யாரும் பச்சை வைக்கல மிஸ்." அவள் குரல் இறங்கிவிட்டது.

"அருமை! இந்த வகுப்புல இது வரைக்கும் யாரும் காயவெச்சு மேல பூசின நிறத்தப் பிரிச்சதில்ல. நோட்டுல எழுது."

மிஸ்ஸுக்கு ஆடு பற்றி ஒன்றும் தெரியாது. அவர் முகம் மலர்ந்து அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பிரையனி நோட்டில் எழுதினாள்: மஞ்சளுக்கு மேல் நீலம். பிறகு மதிய ரொட்டியைப் பிரிக்கவே இல்லை. மஞ்சளும் நீலமும் அவளுடைய அப்பாவின் கட்டிகள். இரண்டையும் சுமந்தது பிஷப் ஒன்றுதான்.

மாலை பிரையனி பள்ளிக்கூடப் பேருந்திலிருந்து இறங்கி வந்தபோது ரோஸ்லின் சமையலறையில் பச்சைத்தக்காளி ஊறுகாய் கிளறிக்கொண்டிருந்தாள். வினிகர் காரத்தில் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. காரத்தினால் மட்டும் சிவக்கவில்லை.

"அம்மா, ஒரு ஆட்டப் பிடிச்சுத் தர்றியா?"

"இப்ப எதுக்கு?"

"இப்பவே."

பட்டியில் ரோஸ்லின் ஒரு கிழப்பெட்டையை முழங்கால்களுக்கிடையில் இடுக்கி நிறுத்தினாள். மகள் கம்பளியை விலக்கிக் காட்டினாள். ரோஸ்லின் இன்னொன்றைப் பிடித்தாள். ஆறாவது ஆட்டை விட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தபோது அவள் முதலில் சொன்னது, "மெர்வ்கிட்ட என்ன வார்த்தையெல்லாம் பேசிட்டாரு உங்கப்பா."

வியாழக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது அவள் கணவனிடம் பேசினாள்.

"கெல், அது நம்ம கட்டி. பிஷப்தான் ரெண்டு தடவையும் ஏறியிருக்கான். மொதத் தடவ ஒண்ணும் நிக்கல."

"யாரு சொன்னா?"

"பிரையனி. நானும் பாத்தேன்."

"தண்ணிப் பெயிண்டுல விளையாடுறது வேற, மந்தை வேற."

"நீ ஒரு ஆட்டப் பிரிச்சுப் பாரு. ஒண்ணே ஒண்ணு."

"இருபது வருஷமா நான் ஆட்டு முதுகப் பாத்துட்டிருக்கேன். எனக்குப் பள்ளிக்கூடத்துப் புள்ள வந்து பச்சை எதுன்னு சொல்லணுமா?" அவன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். "அந்தக் கிடாவோட அப்பன் யாரு தெரியுமா? மூணு கண்காட்சியில மெடல் வாங்கினவன்."

"மெடலு அப்பன் வாங்கினான்" என்றாள் ரோஸ்லின். கெல்வின் கதவை அறைந்துகொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு லாரி வந்தது. ஓட்டுநர் கோல் பருத்த மனிதர். இறங்கியதும் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். முதல் பனி விழுந்து புல் நுனி வெளுத்திருந்தது. நாய் ஓட்டிக்கொடுக்க, ஆடுகள் சாய்பலகையில் ஏறத் தொடங்கின. பதினோரு ஆடு ஏறியாகிவிட்டது.

பிரையனி பள்ளிச்சீருடையில் கொட்டகையிலிருந்து வந்தாள். கையில் பழைய மஞ்சள் கட்டியின் மிச்சமும் ஒரு நீலக்கட்டியும் இருந்தன. ரோஸ்லின் எந்த நிறமும் விழாத ஒரு பெட்டையைச் சாய்பலகைக்கு முன்னால் இழுத்து வந்து குறுக்கே நிறுத்திக்கொண்டாள். மேலே ஏறவேண்டிய ஆடுகள் முட்டிக்கொண்டு நின்றன.

"வழிய விடு ரோஸ்."

"ரெண்டு நிமிஷம். கோல், உங்க சிகரெட் முடியிற வரைக்கும்."

"எனக்கென்னம்மா, இன்னொண்ணு பத்தவெச்சாப் போச்சு" என்றார் கோல்.

பிரையனி பெட்டையின் வெள்ளைப் பின்புறத்தில் மஞ்சள் கட்டியை அழுத்தித் தேய்த்தாள். கிடாவின் கனம் வரவேண்டும் என்று முழுப் பலத்தோடு சாய்ந்து தேய்த்தாள். பிறகு ஒரு பிடி மண்ணெடுத்துத் தூவித் தட்டினாள். பதினேழு நாளின் தூசிக்கு அது. அதற்கு மேல் நீலத்தைத் தேய்த்தாள். அவள் விலகியபோது, கெல்வின் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது பச்சை. சாய்பலகையில் நின்ற ஆடுகளின் பச்சை எதுவோ அதுவே.

கோல் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். "அட" என்றார்.

கெல்வின் சாய்பலகையில் ஏறி, முதல் ஆட்டின் கம்பளியை இரண்டு கட்டைவிரலாலும் விலக்கினான். அடுத்ததை விலக்கினான். லாரிக்குள் குனிந்து போய் ஒவ்வொன்றாகப் பார்த்தான். உள்ளே அவன் பூட்ஸ் சத்தம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது, பிறகு நின்றது.

"ஏத்தினத எறக்கு" என்றது குரல்.

கோல் போனபிறகு அவன் சாய்பலகை நின்ற இடத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"சனிக்கிழமையே பாத்தேன் ரோஸ்" என்றான். "பச்சையோட ஓரத்துல நீலமா ஒரு கோடு தெரிஞ்சுது. நெழலுன்னு நெனச்சுக்கிட்டேன். நெழலாத்தான் இருக்கணும்னு நெனச்சேன்."

ரோஸ்லின் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "டிராக்டர் போச்சு. ஆடாவது இருக்கு" என்றாள்.

அன்று மதியம் கால்நடை மருத்துவர் வந்து பிஷப்பைச் சோதித்தார். ஜனவரிக் கோடை வெயிலில் அதற்குக் காய்ச்சல் கண்டிருக்க வேண்டும். விந்து செத்துக்கிடக்கிறது, தேறுவதற்கு இரண்டு மாதமாவது ஆகும் என்றார். இரண்டு மாதம் போனால் பொலிகாலம் முடிந்துவிடும், வசந்தத்தில் ஒரு குட்டிகூட இருக்காது. கெல்வின் சுத்தமான கிடா வைத்திருக்கும் ஆறு வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசினான். எல்லாக் கிடாவும் வேலையில் இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் இரண்டாம் முறை பரிமாறச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அவன் ஒரு புட்டிப் பச்சைத்தக்காளி ஊறுகாயோடு மெர்வ் வீட்டு வாசலில் நின்றான். மெர்வ் பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"போலீஸ் பின்னால வருதா?"

"தப்பு என்னோடது மெர்வ்."

"சத்தமாச் சொல்லு. காத்து அடிக்குது."

"தப்பு என்னோடதுய்யா! பிஷப்தான் ஒண்ணுக்கும் ஆகல."

"ஹும்." மெர்வ் தூரிகையை வைத்தார். "எங்க சர்ச்சு பிஷப்புங்கள வருஷக்கணக்கா சந்தேகப்பட்டிருக்கேன். அவங்களாவது ஆட்டுக்கு ஆசப்பட்டு நெலத்துல எறங்கல. ஊறுகாயா அது?"

"ரோஸ் குடுத்துவிட்டா. கோழிக்குக் கொட்டிராத."

மெர்வின் வாயோரம் துடித்தது. "அதுவும் தெரிஞ்சு போச்சா. சரி, உக்காரு."

கெல்வின் உட்காரவில்லை. "டிங்கரக் குடு."

"எதுக்கு, சுட்டுத் தள்ளவா?"

"என் மந்தைக்கு."

மெர்வ் முதலில் சிரித்தார். பிறகு எதிரில் நிற்கிறவனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"குட்டியெல்லாம் கருமூஞ்சியா வரும் கெல்."

"தெரியும்."

"வம்சப் புத்தகத்துல ஒண்ணக்கூட எழுத முடியாது. எல்லாம் கறிக்குத்தான்."

"ரோஸோட ஆடு நெலத்துல இருக்கும்ல. அடுத்த வருஷம் சுத்தமாப் பாத்துக்கறேன். இந்த வருஷம் குட்டி வேணும், அவ்வளவுதான்."

"போன வாரம் அந்த வேலியில நின்னு என்ன பேசின..." என்று ஆரம்பித்த மெர்வ் மீதியை விழுங்கிக்கொண்டார். எழுந்து கொட்டகைப் பக்கம் நடந்தார். "தோல்வாரக் கட்டணும், வா. என்ன நிறம் வைக்கப் போற?"

கெல்வின் தலையைச் சொறிந்தான். "தெரியல. பொண்ணக் கேக்கணும்."

பட்டியோரம் ஒரு பெட்டியின் மேல் மஞ்சளும் நீலமும் தவிர மற்றக் கட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டன. கெல்வினின் சிவப்பும் கறுப்பும், மெர்வின் பச்சையும். பிரையனி பச்சைக் கம்பளிக் கொத்துகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றின்மேலும் ஒவ்வொரு கட்டியைத் தேய்த்துப் பார்த்தாள். நோட்டில் எழுதினாள். மறுபடி தேய்த்தாள். இரண்டு ஆண்கள், கயிற்றில் ஒரு கிடா, மூவரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"சிவப்பு வெச்சா சாணி நிறம் வருது" என்றாள். "சாணி எது, சாயம் எதுன்னு தெரியாது."

"கறுப்பு?"

"அது எல்லாத்தையும் மூடிரும். கீழ என்ன இருக்குன்னு அப்பறம் பாக்க முடியாது. பச்சைக்கு மேல பச்சை சுத்தமா ஆகாது."

"அப்ப என்னதான் வைக்கிறது?"

"எதும் வைக்க முடியாதுப்பா. மொதல்ல பழசக் கத்தரிச்சு எடுக்கணும். வெள்ளையில வெச்சாத்தான் தெரியும்."

கெல்வின் மந்தையைப் பார்த்தான். போன சனிக்குப் பிறகும் பச்சை கூடியிருந்தது, எழுபத்தொன்று. மஞ்சளோடும் நீலத்தோடும் நிற்பவற்றையும் சேர்த்தால் எண்பத்தெட்டு. சூரியனைப் பார்த்தான். மெர்வைப் பார்த்தான்.

"என்ன ஏன் பாக்குற?" என்றார் மெர்வ். "கத்திரி ரெண்டு என்கிட்ட இருக்கு. லியானையும் பாட்டியையும் கூட்டிட்டு வரேன்."

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை போனது. ஆட்டைப் பிடித்து, உட்காரவைத்து, தொடைகளுக்கு நடுவே இடுக்கி, பின்புறத்துக் கம்பளியைக் கைக்கத்திரியால் ஒட்ட வெட்டி, தள்ளி, அடுத்தது. நிமிரும்போதெல்லாம் முதுகு வலித்தது. கத்திரிகள் எண்ணெய்ப்பசையில் வழுக்கின. மெர்வின் மனைவி ஒன்றும் சாந்தமானவள் அல்ல; வந்ததும் கெல்வினை ஒரு நாழிகை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுத்தான் ரோஸ்லினோடு ரொட்டியும் குளிர்ந்த ஆட்டுக்கறியும் ஊறுகாயும் மடித்துக் கொடுத்தாள்.

பதினொரு மணிக்கு ஒரு சின்னக் கார் தூசியோடு வந்து நின்றது. வெள்ளிக்கிழமை பிரையனி பள்ளிக்கு வரவில்லையே என்று விசாரிக்க வந்திருந்தார் லாட்டிமர் மிஸ். வெள்ளைக் காலணி போட்டிருந்தார். கெல்வின் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"நீங்கதானா அந்தப் பெயிண்டப் பூட்டிவெச்ச டீச்சர்?"

"ஆமா. அதப் பத்தி ஏதாவது புகாரா?"

"புகார் ஒண்ணும் இல்ல." அவன் கத்திரியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "உங்க பாடத்தாலதான் இவ்வளவு ஆடும் இன்னிக்கி இங்க நிக்குது. இல்லன்னா சந்தைக்குப் போயிருக்கும்."

மிஸ் மந்தையையும் பிரையனியையும் மாறிமாறிப் பார்த்தார். கம்பளிக்கொத்தின் அர்த்தம் அப்போதுதான் அவருக்கு எட்டியது. "நான் சொட்டு எண்ணத்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றார். "மீதிய அவளே பாத்துக்கிட்டா."

"ஆட்டப் பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"பிரையனி, மிஸ்ஸுக்குக் காட்டு."

"கழுத்தப் பிடிக்காதீங்க மிஸ், தாடையப் பிடிங்க" என்று பிரையனியின் குரல் பட்டிக்குள் கேட்டது. "பயப்படாதீங்க. இடுப்பால முட்டுங்க. இன்னும் பலமா!" முதல் ஆடு மிஸ்ஸை இழுத்துக்கொண்டு வேலிவரை போனது. இரண்டாவது சாணியில் உட்காரவைத்தது. மூன்றாவதை அவர் விடவில்லை.

நாலு மணிக்குக் கடைசி ஆடு முடிந்தது. மஞ்சளும் பச்சையும் நீலமுமாகக் கம்பளி இரண்டு கோணிப்பை நிறைய இருந்தது. தொண்ணூற்றிரண்டு வெள்ளைப் பின்புறங்கள் வெயிலில் நின்றன. கெல்வின் டிங்கரின் மார்வாரில் சிவப்புக் கட்டியைப் பொருத்தி, ஆணியை முறுக்கி, தோலை இழுத்துப் பார்த்து, கயிற்றை அவிழ்த்தான்.

கிடா மந்தைக்குள் மெதுவாக நடந்தது. ஒன்றை முகர்ந்தது, விட்டது. இன்னொன்றை முகர்ந்தது, மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்தது. மூன்றாவது பெட்டை நகராமல் நின்றது. எல்லாம் ஒரு கணத்தில் முடிந்தது. மெர்வ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் நிற்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

பெட்டையின் வெள்ளையில் ஒரு நிறம் ஒட்டியிருந்தது.

"என்ன நிறம்?" என்று கேட்டான் கெல்வின்.

"சிவப்பு" என்றாள் மகள்.

"இங்கருந்து சொல்லாத. போய்ப் பாரு."

பிரையனி ஆடுகளுக்கு நடுவே நடந்து போனாள். பெட்டையின் தாடையை ஒரு கையால் பிடித்து, மறுகையின் இரண்டு விரலால் ஒட்ட வெட்டிய கம்பளியைத் தோல் தெரியும்வரை விலக்கிக் குனிந்து பார்த்தாள்.

"சிவப்புதான்பா" என்று அங்கிருந்து கத்தினாள். "அடி வரைக்கும்."